தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் இருந்தால் நல்லதா?

மயிலாடுதுறை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தரங்கம்பாடிக் கடற்கரையில் ஓசோன் நிறைய இருக்கிறது, சுவாசித்தால் உடம்புக்கு நல்லது என்கிறார்களே, நிஜமா?"

நல்லது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓசோன் நமக்கு உதவுவது 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும்போதுதான். மூக்கருகே வந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும் மாசு அது. இந்தியத் தரநிலைப்படி 8 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. கடற்கரையில் வீசுகிற அந்த வாசனையும் ஓசோன் அல்ல. பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களால் வரும் டைமெத்தில் சல்ஃபைடு. கடற்காற்று ஓசோன் நல்லது என்பது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவிய நம்பிக்கை. நம் கரையில் ஒதுங்கி இன்னும் கிளம்ப மறுக்கிறது.

ஆனால் கடல் மேல் ஓசோன் உருவாவது உண்மை. பள்ளிப் பாடம்தான்: டீசல் புகையிலுள்ள நைட்ரஜன் டைஆக்சைடை வெயில் உடைக்கிறது, பிரிந்த ஆக்சிஜன் அணு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. மிஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனையே தின்றுவிடும். பெட்ரோல் ஆவி போன்ற கரிமச் சேர்மங்கள் நடுவில் புகுந்து நைட்ரிக் ஆக்சைடை வேறு வழியில் டைஆக்சைடாக மாற்றினால், ஓசோன் தப்பித்துச் சேரும்.

நாகை, காரைக்கால் லாரிப் புகையை இரவு நிலக்காற்று கடலுக்குத் தள்ளும். விசைப்படகுகளும் தங்கள் பங்குக்குக் கக்கும். ஓசோன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. நிலத்தில் அதை உறிஞ்சும் இலையும் மண்ணும் கடலில் இல்லை. பகலில் கடற்காற்று அதைத் திருப்பிக் கொண்டுவரும்.

எனக்குப் பிடித்த கட்டம் இரவில் நடப்பது. இருட்டில் நைட்ரஜன் டைஆக்சைடும் ஓசோனும் வினைபுரிந்து, படிப்படியாக டைநைட்ரஜன் பென்டாக்சைடு ஆகின்றன. அது உப்புத் துளிமேல் மோதுகிறது. இந்த உப்பு வேதாரண்யம் உப்பளத்திலிருந்து வருவதல்ல. அலை உடையும்போது வெடிக்கும் குமிழிகள் தெறிப்பது. மோதலில் துளியின் குளோரைடு கழன்று நைட்ரில் குளோரைடு என்ற வாயுவாக வெளியேறுகிறது. இரவு முழுக்க அது சும்மா கிடக்கும். விடிந்து முதல் வெயில் பட்டதும் உடைகிறது. அடகுக் கடையிலிருந்து நகை திரும்புவது போல நைட்ரஜன் டைஆக்சைடு மீண்டுவிடும், கூடவே ஒரு குளோரின் அணுவும். அந்த அணு பல கரிமச் சேர்மங்களை, வழக்கமாக அந்த வேலையைச் செய்யும் ஹைட்ராக்சில் மூலக்கூறைவிட வேகமாகத் தாக்கும். ஓசோன் தயாரிப்பு காலையிலேயே சூடு பிடித்துவிடும். அமெரிக்காவின் டெக்சாஸ் கரையோரத்தில் 2006இல் அளந்து, 2008இல் இதை வெளியிட்டார்கள்.

நம் வெப்பத்தில் ஒரு சிக்கல் உண்டு: புழுக்கமான சித்திரை இரவுகளில் பென்டாக்சைடு தானாகவே சிதைந்துவிடும். மார்கழி, தை இரவுகள் தோதானவை. வாடைக்காற்று வடக்கிலிருந்து புகையையும் கொண்டுவரும் பருவம் அது. புகை கலக்காத தூய கடற்காற்றிலோ கதை தலைகீழ்: கடலின் அயோடினும் புரோமினும் ஓசோனை அழிக்கும். ஆக, கடலே ஓசோன் தருகிறது என்பதைவிட, நாம் அனுப்பும் புகையைக் கடல் ஓசோனாக்கித் திருப்பி அனுப்புகிறது என்பதே சரி.

2006இல் இஸ்ரோவின் ஆய்வுத் திட்டத்தில் சாகர் கன்யா கப்பல் வங்கக் கடலில் காற்றை ஆராய்ந்தது. சில வாரக் கப்பல் பயணம் போதாது. கொள்ளிட முகத்துவாரம் முதல் கோடியக்கரை வரை ஆண்டு முழுக்க, இரவிலும் அளக்க வேண்டும். ஓசோன் கருவி 254 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளி காற்றில் எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று பார்ப்பது, ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சுற்றுலா விளம்பரத்துக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கு இதற்குப் போனால் நெல்லுக்கும் உதவும்: ஓசோன் இலைத்துளை வழியே புகுந்து நெற்பயிரின் விளைச்சலையும் குறைக்கும்.