முகக் கவர்ச்சியா, முகக்களையா?

ஒப்பனை செய்த முகத்தை மூளை எப்படிப் பார்க்கிறது என்று தமிழில் யார் எழுதினாலும், ஆங்கிலத்தின் facial attractiveness என்பதற்கு 'முகக் கவர்ச்சி' என்ற தொடர் வந்துவிடுகிறது. 'கைக்குழந்தைகளும் முகக் கவர்ச்சியை உணர்கின்றன' என்று ஒரு கட்டுரையில் படித்தபோது எரிச்சலாகவே இருந்தது.

கவர் என்றால் பறித்துக்கொள், கைப்பற்று. ஆநிரை கவர்தல், 'காய்கவர்ந் தற்று' என்ற குறள் எல்லாம் அந்தப் பொருள்தான். மனத்தைக் கவர்வது அதிலிருந்து வந்தது. அதுவரை குறையில்லை. ஆனால் சினிமாப் பத்திரிகைகள் 'கவர்ச்சி நடிகை', 'கவர்ச்சிப் படம்' என்று எழுதி எழுதி, சொல்லை உடம்புக்கும் உடைக்குறைப்புக்கும் எழுதிக் கொடுத்துவிட்டன. இன்றைக்கு அந்தப் பொருள் இல்லாமல் அதைப் படிக்க யாராலும் முடியாது. பெரியவர்கள் அழகு என்று சொல்லும் முகங்களைச் சில மாதக் குழந்தைகளும் கூடுதல் நேரம் பார்க்கின்றன என்று 1980களிலேயே ஆய்வில் கண்டார்கள். அந்தப் பார்வைக்குக் கவர்ச்சி என்று பேர் வைக்க எப்படி மனம் வருகிறது? அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு, வாசிப்பவர் காதில் அது எப்படி விழும் என்று மொழிபெயர்ப்பவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

சிலர் 'ஈர்ப்பு' என்பார்கள். நல்ல சொல்தான், ஆனால் அது பார்க்கிறவருக்குள் நடப்பது. அழகான முகத்தைக் கண்டால், கண்குழிக்கு மேலே இருக்கிற முன்மூளைப் பகுதி வெகுமதி கிடைத்ததுபோல வேலை செய்கிறது. அதை ஈர்ப்பு என்று சொல்லுங்கள், சரி. முகத்தில் இருப்பதற்கு என்ன சொல்?

திருநெல்வேலிப் பக்கம் பெண் பார்த்துவிட்டு வந்த ஆச்சி, "பிள்ளைக்கு மொகத்துல நல்ல களை இருக்குல்லா" என்பாள். அடுத்து, "மூக்கும் முழியுமா எடுப்பா இருக்கா" என்பாள். இரண்டும் வேறு வேறு. களை, மொத்த முகத்தின் அழகு. எடுப்பு, கண்ணும் உதடும் சுற்றியுள்ள தோலிலிருந்து தனித்துத் தெரிவது. உளவியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்த எடுப்பைப் பற்றியதுதான்: ஆண் முகத்தைவிடப் பெண் முகத்தில் அது கூடுதல், கண்மையும் உதட்டுச்சாயமும் அதை இன்னும் கூட்டுகின்றன. ஆங்கிலத்தில் facial contrast என்கிற இதைப் போய் 'முக மாறுபாடு' என்று எழுதினால், முகமே மாறிப்போனது என்றல்லவா படிக்கிறவர் நினைப்பார்?

களை, கலா என்ற வடசொல்லின் வழி வந்தது என்று தனித்தமிழ் அன்பர்கள் மறுப்பார்கள். வரட்டுமே. ஆச்சிக்குப் புரிகிற சொல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் புரியும். முகக்களை என்று சேர்த்து எழுதினால் வயலில் பறிக்கிற களையோடும் குழம்பாது.