சிக்னல் ஏறி இறங்கும்போது டவர் என்ன செய்கிறது?

போன் திரையில் தெரியும் சிக்னல் கோடுகளை ரொம்ப நம்ப வேண்டாம். அவை நிதானமாக ஏறி இறங்கும், நிஜ சிக்னலோ ஒரு நொடிக்குள்ளேயே பலமுறை மாறிவிடும். டவரிலிருந்து அலை நேராகவும் வருகிறது, சுவரிலும் வண்டியிலும் பட்டுத் திரும்பியும் வருகிறது. இவை ஒத்துச் சேர்ந்தால் வலு கூடும், முரண்பட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே சுமார் 15 செ.மீ. தான், அதனால் போனைக் கொஞ்சம் நகர்த்தினாலே நிலைமை தலைகீழாகலாம்.

4ஜியில் போன் இந்தத் தரத்தை அளந்து, 1 முதல் 15 வரை ஓர் எண்ணாக டவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணுக்கேற்பத்தான் டவர் அனுப்பும். 1 என்றால் ஒரு சிம்பலில், அதாவது டவர் அனுப்பும் ஒரு சின்ன அலைத் துண்டில், வெறும் 0.15 பிட் தகவல்தான் போகும், மற்ற இடமெல்லாம் பிழை திருத்தத்துக்கே சரியாகிவிடும். 15 என்றால் 5.55 பிட். அதே அலைவரிசை, அதே நேரம், ஆனால் கிட்டத்தட்ட 36 மடங்கு வித்தியாசம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், பிழையே வரக்கூடாது என்று யாரும் அடம்பிடிப்பதில்லை. முதல் தடவையில் அனுப்பும் பத்துத் தகவல் தொகுப்புகளில் ஒன்று கெட்டாலும் பரவாயில்லை என்ற கணக்கில்தான் போன் அந்த எண்ணையே சொல்கிறது. கெட்டு வந்ததைப் போன் தூக்கிப் போடாது, மறுபடி வருவதோடு சேர்த்துப் பார்த்து மீட்டுவிடும். ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தால்தான் நஷ்டம்.

அப்புறம், ஒரே டவரில் பல போன்கள் காத்திருக்கும்போது யாருக்கு முதலில் கொடுப்பது? டவர் இதை ஒவ்வொரு மில்லிநொடியும் முடிவு செய்கிறது. எப்போதும் நல்ல சிக்னல் உள்ளவருக்கே கொடுத்தால் மொத்த வேகம் எகிறும், ஓரத்தில் இருப்பவர் பாடு திண்டாட்டம். அதனால் அவரவர் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். ஒரு போன் சராசரியாக நொடிக்கு 30 மெகாபிட் வாங்குகிறது, இந்தக் கணம் 20 தான் முடியும். இன்னொன்றின் சராசரி 2, இப்போது 4 முடியும் என்றால் வாய்ப்பு இரண்டாவதற்குத்தான். இப்படி ஆளுக்கு ஆள் தன் உச்சத்தில் இருக்கும்போது கொடுப்பதால், சிக்னலின் ஆட்டமே லாபமாகிவிடுகிறது. ஆட்கள் கூடக் கூட யாராவது ஒருவர் உச்சத்தில் இருக்கும் வாய்ப்பும் கூடும்.

வேகமாகப் போகும் வண்டியில் மட்டும் இந்தச் சாமர்த்தியம் அவ்வளவாக எடுபடாது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 5 மில்லிநொடிக்குள் போன் 14 செ.மீ. நகர்ந்துவிடும், அது அனுப்பிய எண் டவருக்குப் பயன்படுவதற்குள் பழசாகிவிடும். அப்போது உச்சத்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, தகவலை அலைவரிசை முழுக்கப் பரப்பி அனுப்புவதே மேல்.