பள்ளத்துப் பக்கம் எத்தனை மாடி?

ஊட்டியிலோ குன்னூரிலோ கட்டட அனுமதி என்று பேச்சு வந்தால் ‘7 மீட்டர்’ என்ற எண்ணும் கூடவே வந்துவிடும். மண்சரிவுக்காகவும் மலையின் அழகுக்காகவும் கட்டட உயரத்துக்குப் போட்ட வரம்பு என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதற்கு இன்னொரு நியாயமும் தெரியும்.

சமவெளியில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் தமிழ்நாட்டு விதிகள் ஒரு கட்டடத்தை உயர்மாடி என்கின்றன. குறைந்த உயரம் என்றால் வீரர்கள் கையால் தூக்கிச் சாத்தும் ஏணியே போதும். அதற்கு மேலே லாரியில் பொருத்திய பெரிய ஏணி வேண்டும். அந்த லாரி கால்களை அகலமாக ஊன்றி நிற்க, சமமான, கெட்டியான தரை தேவை. கொண்டை ஊசி வளைவுகளில் அதை ஏற்றி வந்தாலும், எங்கே நிறுத்துவது?

அடுத்தது பம்ப். கிணற்றிலோ ஓடையிலோ இருந்து பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அது அதிகபட்சம் 10.3 மீட்டர் உயர்த்தும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் அந்தக் கணக்கு 7.8 மீட்டராகச் சுருங்கிவிடும். உராய்வையும் கசிவையும் கழித்தால் கையில் நிற்பது ஏறத்தாழ 5 மீட்டர். மலையிலோ ரோடு மேலே, ஓடை கீழே! காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போ இல்லாத டீசல் எஞ்சினும் இந்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். காற்று மெலிந்திருப்பதால் தீயும் சோம்பிவிடும் என்று எண்ண வேண்டாம். ஒரு அறையை எரிக்க இந்தக் காற்றே தாராளம்.

பெரும்பாலும் ஆளைக் கொல்வது புகை. 600 டிகிரி சூட்டில் புகையின் அடர்த்தி சாதாரணக் காற்றில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் மேலே பாய்கிறது. ஊட்டியின் குளிர் இதற்குத் துணைபோகிறது. ஜனவரி இரவில் வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால், தீப்பிடிக்கும் முன்பே படிக்கட்டு ஒரு புகைபோக்கியாகிவிடுகிறது: கீழே குளிர்காற்று நுழைகிறது, மேலே வெதுவெதுப்பான காற்று வெளியேறுகிறது. 12 மீட்டர் உயரப் படிக்கட்டில் இந்த அழுத்த வித்தியாசம் சுமார் 6 பாஸ்கல். அற்பம்தான், ஆனால் கதவிடுக்கு வழியாகப் புகையை அடுத்த மாடிக்கு அனுப்ப அது போதும். உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்கும் சென்னையில் இந்த இழுப்பு மிகக் குறைவு.

சரி, உயரத்தை எங்கிருந்து அளப்பது? மலையில் வில்லங்கமே இதுதான். ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி, பள்ளத்துப் பக்கம் போய்ப் பார்த்தால் ஐந்து. ரோட்டுக்குக் கீழே இருப்பவர் தப்பிக்க மேலே ஏற வேண்டும். புகையும் அதே படியில், அவரைவிட வேகமாக ஏறும். வண்டி நிற்பதோ மேட்டுப் பக்கம். என்னைக் கேட்டால், மேலே எழும் மாடியைவிட இப்படிக் கீழே இறங்கும் மாடிதான் பயங்கரம்.

கொடைக்கானலில் இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கி ஏழு தளம் எழுப்பிய ஓட்டலின் வழக்கு 1995இல் உச்ச நீதிமன்றம் வரை போனது ஊரறிந்த கதை. அப்படி வானத்தை நோக்கி வளர்வது எல்லோர் கண்ணிலும் படும். சரிவில் இறங்குவது அவ்வளவு சீக்கிரம் படாது. பழைய கடைவரிசைகளையும் சந்தைகளையும் இடித்துப் புதிதாகக் கட்டும்போது முகப்புப் படத்தோடு, சரிவைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படத்தையும் கேட்டு வாங்க வேண்டும். அதில் பார்க்க வேண்டியது, கீழ்த்தளத்திலிருந்து பள்ளத்துப் பாதைக்கு நேரே வெளியேற ஒரு கதவு இருக்கிறதா, படிக்கட்டைப் புகை புகாத கதவுகள் மூடுகின்றனவா என்பதுதான். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் டவுன்கமர் குழாயும் உதவும். ஆனால் 10 மீட்டர் இறக்கத்துக்குக் கிடைப்பது 1 பார் அழுத்தம்தான், பீய்ச்சியடிக்க அது பற்றாது. பூஸ்டர் பம்ப் வேண்டும், கட்டடத்தின் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அது ஓடுகிற மாதிரி தனி இணைப்போ டீசல் எஞ்சினோ இருக்க வேண்டும்.