செமான்டிக்ஸ்: சொற்பொருளியலா, பொருண்மையியலா?

கொழும்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கெனக் கொடுக்கப்படும் கையேடுகளில் ‘சொற்பொருளியல்’ என்ற சொல் ஓயாமல் வருகிறது. மொழியில் பொருள் எப்படி அமைகிறது என்று ஆராயும் செமான்டிக்ஸ் என்ற மொழியியல் துறைக்கு அதுதான் தமிழ் என்று பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். அது பிழையான சொல். துறையின் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிட்டு மிச்சத்துக்கு மட்டும் வைத்த பெயர். பொருண்மையியல் என்பதே சரி.

கிரேக்கத்தில் ‘சேமா’ என்றால் குறி, அடையாளம். குறித்துக் காட்டுவது ‘சேமான்டிகோஸ்’. அதிலிருந்து பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பிரெயால் 1883இல் துறைக்குப் பெயரிட்டார். 1897இல் தனி நூலும் எழுதினார். மூலத்தில் ‘சொல்’ என்ற உறுப்பே இல்லை. அதை நாங்கள்தான் ஒட்டினோம்.

ஒட்டியதால் என்ன கெட்டது? ‘நாய் பூனையைக் கடித்தது’, ‘பூனை நாயைக் கடித்தது’ இரண்டிலும் அதே சொற்கள்தான். கடிபட்டது எது என்பதை ‘ஐ’ உருபு ஏறிய இடம் சொல்கிறது. வெள்ளவத்தையில் ஒருவர் ‘எல்லாரும் வரேல்லை’ என்கிறார். ஒருவருமே வரவில்லையா, வரவேண்டியவர்களில் சிலர் மட்டும் வரவில்லையா? இரண்டுக்கும் இடமுண்டு. ‘எல்லாரும்’ என்பதற்கு அகராதியில் இரண்டு பொருள் இல்லை. எதிர்மறை எதைத் தழுவுகிறது என்பதில்தான் வேறுபாடு. ‘கமலாவும் வந்தா’ என்றால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அந்த உம்மைக்குத் தொல்காப்பியர் எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என்று எட்டு வகை சொன்னார். எட்டில் எது என்பதைத் தனிச்சொல்லைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது, வாக்கியம் வேண்டும். உறுப்புகளின் பொருளும் அவை சேரும் முறையும் கூடித்தான் வாக்கியத்தின் பொருள் என்பது ஜெர்மானியத் தருக்கவியலாளர் ஃபிரேகேயின் பெயரால் வழங்கும் கொள்கை. இத்துறையின் அடிக்கல் அது. சேரும் முறையைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் அகராதி.

தனிச்சொற்களின் பொருளை மட்டும் ஆராயும் உட்பிரிவு ஒன்றும் உண்டு. ஒத்தசொல், எதிர்ச்சொல், பலபொருள் ஒருசொல் எல்லாம் அங்கே வரும். முழுத் துறைக்கே ‘சொல்’லைக் கொடுத்துவிட்டு இந்த உட்பிரிவை எப்படி அழைப்பார்கள்? கையேடு எழுதுவோர் இதை யோசித்ததாகவே தெரியவில்லை. பாட்டின் கீழே அருஞ்சொற்பொருள் பார்த்துப் பழகிய மாணவரும் சொற்பொருளியல் என்றதும் அதன் பெரிய வடிவம் என்றே நினைக்கிறார். அவரில் குற்றமில்லை.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் வாக்கியத்தையும் பேசுகிறதே, ஆகவே ‘சொல்’ என்பதில் வாக்கியமும் அடங்கும் என்று சிலர் வாதிடுவார்கள். மதிக்கவேண்டிய வாதம். ஆனால் இன்றைய தமிழில் சொல் வேறு, வாக்கியம் வேறு. உரையாசிரியர் பக்கத்தில் இருந்து விளக்கினால்தான் பிடிபடும் கலைச்சொல் வகுப்புக்கு உதவாது.

சரி, முன்னால் உள்ள ‘சொல்’லை வெட்டிப் பொருளியல் என்று வைக்கலாமா? இலங்கையில் முடியவே முடியாது. உயர்தரத்தில் கேள்வியும் நிரம்பலும் படிக்கும் பாடத்துக்குத்தான் இங்கே பொருளியல் என்று பெயர். பொருளதிகாரத்திலும் அந்தப் பெயரில் ஓர் இயல் இருக்கிறது. அது பேசுவது வேறு.

பொருண்மை என்ற சொல்லை எவரும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. சொல்லதிகாரத்தின் பெயரியலில், தொடக்கத்திலேயே இருக்கிறது: ‘பொருண்மை தெரிதலும் சொன்மை தெரிதலும் சொல்லின் ஆகும் என்மனார் புலவர்.’ மழை பெய்தது என்னும்போது பொருண்மை தெரிகிறது; மழை என்பது ஈரெழுத்துச் சொல் என்னும்போது சொன்மை தெரிகிறது. அடுத்த நூற்பா, பொருண்மை வெளிப்படையாகத் தெரிவதும் உண்டு, குறிப்பாகத் தோன்றுவதும் உண்டு என்கிறது. சொன்மையிலிருந்து பொருண்மையை இவ்வளவு துலக்கமாகப் பிரித்து வைத்தவர்களின் மொழியில் இரண்டையும் மறுபடி குழப்புவது பெரிய அநியாயம். தமிழ்நாட்டில் சிலர் பௌதிகவியலின் மாஸ் என்பதற்குப் பொருண்மை என்று எழுதுவதுண்டு. இங்கே அதற்குத் திணிவு இருப்பதால் மோதலும் இல்லை. பொருண்மை மாற்றம், பொருண்மைப் பிழை, சொற்பொருண்மை, வாக்கியப் பொருண்மை என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வளர்கின்றன.

எங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் பொருள் சொல்லில்தான் குடியிருக்கிறது என்று நம்புவதால்தான் இந்தப் பெயர் அவர்களை உறுத்துவதில்லை. சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழும்பிப் போகிறார்கள். வாசிப்பவர்களும் அப்படியே பழகிவிட்டார்கள். 2017இல் இலங்கையின் புதிய அரசியலமைப்புக்கான வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை வந்தபோது சிங்களத்தில் ‘ஏக்கீய ராஜ்ய’ அப்படியே நின்றது. தமிழில் ஒற்றையாட்சி போய் ‘ஒருமித்த நாடு’ வந்தது. இந்த நகரத்தில் எத்தனை விவாதம்! ஒருமித்த என்றால் என்ன என்று அகராதியைத் தூக்கியவர்களே அதிகம். அறிக்கை அந்தத் தொடருக்குத் தானே வரைவிலக்கணம் கொடுத்திருந்தது: பிரிக்கப்படாத, பிரிக்க முடியாத அரசு, அரசியலமைப்பை மாற்றும் அதிகாரம், அந்த அரசியலமைப்பு வகுக்கும் முறைப்படி, பாராளுமன்றத்திடமும் மக்களிடமும் இருக்கும் அரசு. எதிர்க்கவோ ஆதரிக்கவோ வேண்டிய பொருண்மை முழுவதும் அந்த வாக்கியத்தில் இருந்தது. விவாதித்தவர்களில் அதை வாசித்துக் காட்டியவர்கள் மிகக் குறைவு.