காளியைக் காட்டிக்கொடுக்கும் வள்ளி

புதிதாக எழுத வருகிறவர்களின் திரைக்கதையில் முதல் பக்கத்திலேயே அநேகமாக இப்படி ஒரு பத்தி இருக்கும்: ‘கதிர், வயது 28. துறுதுறுப்பானவன். முன்கோபி, ஆனால் மனசு தங்கம்.’ இதைக் கேமரா எப்படிப் பிடிக்கும் என்று யாராவது கேட்டால், டீக்கடையில் இரண்டு பேரை உட்காரவைத்து, ‘நம்ம கதிர் மாதிரி ஒரு புள்ள வாய்க்கணுமே’ என்று பேசவைப்பார்கள். அடுத்து, கதிர் ஒரு பாட்டியைக் கைபிடித்து ரோட்டைக் கடக்கவைப்பான். அடுத்து ஒரு சண்டை. பத்து நிமிடம் போய்விடும். கதிரைப் பற்றி நாலு தகவல் கிடைத்திருக்கும், கதிர் இன்னும் வந்திருக்க மாட்டான்.

ஒருவனின் குணம் ஊருக்கு முன்னால் முழுசாகத் தெரியாது. யாரிடம் அவனுக்கு இழக்க ஏதாவது இருக்கிறதோ, அந்த ஒருவர் முன்னால் தெரியும். அம்மாவாக இருக்கலாம், முதலாளியாக இருக்கலாம், பத்து வருஷமாகப் பேசாத தம்பியாக இருக்கலாம். அந்த ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கதை டிஸ்கஷனில் முதல் வேலை. ஒன்லைன் (கதைச் சுருக்கம்) முடிந்து, சீன் ஆர்டர் (எந்த சீனுக்குப் பின் எது என்ற வரிசை) முடிந்து, டயலாக் வெர்ஷன் (வசனத்தோடு எழுதிய பிரதி) பாதியில் இருக்கும்போது, ‘கேரக்டர் நிக்கலையே’ என்று தலையைச் சொறிகிறார்களே, அந்த அவஸ்தைக்குப் பெரும்பாலும் காரணம் இந்த வேலையைத் தாண்டிப் போனதுதான்.

1978இல் வந்த ‘முள்ளும் மலரும்’ படத்தை எடுத்துக்கொள்ளலாம். மகேந்திரன் இயக்கிய முதல் படம், உமாசந்திரனின் நாவலிலிருந்து வந்தது. காளி ஒரு மின்நிலையத்தில் விஞ்ச் ஆபரேட்டர், அதாவது இழுவை எந்திரத்தை இயக்குபவன். முரடன், மேலதிகாரிக்கு வளைந்து கொடுக்காதவன். தங்கை வள்ளி மேல் உயிரையே வைத்திருப்பவன். புதிதாக வரும் என்ஜினியர் குமரனோடு முட்டிக்கொள்கிறான். மங்கா என்ற பெண் அவனுக்கு மனைவியாகிறாள்.

இந்தக் காளியை மூன்று பேர் வழியாகக் காட்டியிருக்கலாம். குமரன் வழியாகக் காட்டினால் தொழிலாளிக்கும் அதிகாரிக்கும் நடக்கும் மோதல் கதை. மங்கா வழியாகக் காட்டினால் முரடனைத் திருத்தும் மனைவி கதை. மகேந்திரன் வள்ளியைப் பிடித்தார். குமரனிடம் காளிக்குப் போகக்கூடியது வேலை மட்டும்தான், அது போனால் திமிராகவே நின்றுவிடுவான். வள்ளி போனால் அவனிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. ஆளைத் தேர்ந்தெடுக்க இதுதான் சோதனை. நாயகனைச் சுற்றி இருக்கும் நாலைந்து பேரின் பெயரை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கேள்விக்கு விடை எழுதுங்கள்: இவரிடம் அவன் எதை மறைக்கிறான்? இவர் போய்விட்டால் அவனுக்கு என்ன மிஞ்சும்? இரண்டாவது கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்று எந்தப் பெயருக்கு எதிரே வருகிறதோ, அவர்தான். அந்தப் பெயர் கதாநாயகியாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. வியாபாரத்துக்காக அங்கே கதாநாயகியைத் திணித்த படங்களில், இடைவேளைக்குப் பிறகு அவர் காணாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது வரிசை. காளிக்கு வேலைக்கு வேட்டு வருகிறது. குடித்துவிட்டுக் கிடக்கும்போது லாரி ஏறி ஒரு கை போகிறது. அவனைத் தாங்கி நின்ற கட்டைகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டு, வள்ளியைக் கடைசிக்கு வைத்திருக்கிறது திரைக்கதை. அந்த நேரம் பார்த்துக் குமரன் வள்ளியை மணக்க விரும்புகிறான். இதே கல்யாணப் பேச்சு, கை போவதற்கு முன் வந்திருந்தால் காளியின் மறுப்பு வெறும் வீம்பு. பின்னால் வந்ததால் அதே மறுப்பில் பயம் தெரிகிறது. சீன் ஒன்றுதான், இடம் மாறியதும் குணம் வேறாகத் தெரிகிறது. சீன் ஆர்டர் அட்டைகளைத் தரையில் பரப்பி, இந்த மாதிரி இரண்டு அட்டையை இடம் மாற்றிப் பார்ப்பது அரை மணி நேர வேலைதான்.

கடைசிக் காட்சி. அண்ணனை மீறி வள்ளியைக் குமரனுக்குக் கட்டிவைக்க எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். எதிரே காளி, ஒரு கை இல்லாமல், தனியாக. நீயும் போகிறாயா என்பதுபோல் கேட்கிறான். வள்ளி திரும்பி ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். காளியின் முகம் மலர்கிறது. தன்னை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அது போதும், அவனே அவளைக் குமரனிடம் ஒப்படைக்கிறான். ஒப்படைக்கும்போதே, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று குமரனிடம் சொல்லிவிடுகிறான்.

இந்தப் பிடிக்காமைதான் அந்தக் காட்சியின் உயிர். இன்றைக்கு இதே சீனை எழுதினால், பத்தில் எட்டுப் பேர் காளியைக் குமரனைக் கட்டிப்பிடிக்க வைப்பார்கள், ‘மன்னிச்சிடுங்க சார்’ என்று ஒரு வரி போடுவார்கள். கண்ணீர் வரலாம். ஆனால் இரண்டு மணி நேரம் கட்டிய ஆள் அந்த ஒரு நிமிடத்தில் கரைந்துபோவான். அவனுக்குத் தன் பேச்சு நடந்தாக வேண்டும் என்பதில்லை, தங்கை தன்னைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். இது அவனுக்கே அதுவரை தெரியாது. உறவு ஆளைத் திறந்து காட்டும், துவைத்துக் காயப்போடாது. மகேந்திரன் வசனகர்த்தாவாகப் பேர் வாங்கிவிட்டு இயக்க வந்தவர் என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம். பேச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வள்ளி ஓடிவருவது ஏன் செல்லுபடியாகிறது? அவளுக்கென்று ஒரு ஆசை இருக்கிறது, அதன் பக்கம் இரண்டு எட்டு எடுத்தும் வைத்துவிட்டாள். திரும்பிவராமல் இருக்க அவளால் முடியும். எதிரில் இருப்பவருக்கு ‘முடியாது’ என்று சொல்லும் வசதியைக் கொடுக்காவிட்டால் அது உறவு ஆகாது, நாயகன் முன்னால் தூக்கிப் பிடிக்கும் கண்ணாடி. நம் படங்களில் சாவதற்கென்றே பிறந்த தங்கைகள் எத்தனை பேர்! இடைவேளைக்கு முன் அவள் செத்தால்தான் அண்ணன் அரிவாள் எடுக்க முடியும். அந்தத் தங்கைக்குப் பிடித்த சாப்பாடு எது என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரை அவள் ஒருநாளில் என்ன செய்கிறாள் என்று, நாயகனை உள்ளே விடாமல், ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். நாலாவது வரியில் பேனா நின்றால் அங்கே ஆளே இல்லை என்று அர்த்தம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ‘மச்சி, விடுடா’ மட்டும் சொல்லும் நண்பன் கேரக்டருக்கும் இதே வைத்தியம்தான்.

அளவு பற்றி ஒரு கணக்கு. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 60 முதல் 75 சீன் வரும் என்று வைத்தால், முக்கியமான அந்த இருவரும் நேருக்கு நேர் வரும் சீன் எட்டிலிருந்து பத்து வரை வேண்டும். ஐந்துக்குக் கீழே போனால் கிளைமாக்ஸில் அழுகிறவர்கள் நடிகர்கள் மட்டும்தான். பதினைந்தைத் தாண்டினால் சீரியல் வாடை அடிக்கும். முதல் சந்திப்பு பதினைந்தாம் பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும். இடைவேளைக்கு முன் ஒரு சீனில் இருவருக்கும் நடுவில் ஏதோ ஒன்று, திரும்ப ஒட்டமுடியாதபடி, உடைய வேண்டும். பத்து நிமிடக் குறும்படம் என்றால் மூன்று சந்திப்பு போதும், நாலாவதுக்கு இடமில்லை. இந்த எட்டுப் பத்து சீன்களை மட்டும் தனியே பிரித்து வரிசையாகப் படித்துப் பார்க்கும் பழக்கம் நல்லது. ஒவ்வொன்றின் ஓரத்திலும், சீன் முடியும்போது யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஒரே ஒரு பெயர் எழுதுங்கள். அடுத்தடுத்த மூன்று சீனில் ஒரே பெயர் வந்தால், அதில் ஒன்றைத் தூக்கிவிடலாம்.

இந்தக் கை ஓங்குவதை மிக நுணுக்கமாகச் செய்த படம் இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948). போருக்குப் பிந்தைய ரோம். போஸ்டர் ஒட்டும் வேலைக்கு சைக்கிள் வேண்டும், படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, ஏற்கெனவே அடகில் இருந்த சைக்கிளை மீட்கிறார்கள், அது திருட்டுப் போகிறது. கதை இவ்வளவுதான். தகப்பன் அந்தோணியோ எப்படிப்பட்டவன் என்பதைச் சொல்வது கூடவே அலையும் சிறுவன் புரூனோ. திருட்டுக்கு முன்பே ஒரு சின்ன இடம்: மீட்டுவந்த சைக்கிளைத் துடைக்கும் புரூனோ, அடகுக்கடையில் சைக்கிள் நசுங்கியிருப்பதைக் கண்டுபிடித்து முறையிடுகிறான். முன்னாடியே இருந்திருக்கும் என்கிறான் தகப்பன். நானாக இருந்தால் கேட்டிருப்பேன் என்கிறான் பையன். எதையும் விட்டுக்கொடுத்துப் போகிற தகப்பன், எதையும் கவனிக்கிற மகன். இரண்டு பேரும் முழுசாக வந்துவிட்டார்கள், அதற்கு ஆன செலவு ஒரு துணியும் ஒரு சைக்கிளும்.

பின்னால், தேடி அலுத்த எரிச்சலில் தகப்பன் மகனை அறைகிறான். பிறகு சமாதானத்துக்கு, கட்டுப்படியாகாத ஓட்டலுக்குக் கூட்டிப்போகிறான். கடைசியில், மகனை டிராம் பிடித்துப் போகச் சொல்லிவிட்டுத் தானே ஒரு சைக்கிளைத் திருடப்போகிறான். புரூனோ டிராமை விட்டுவிடுகிறான், எல்லாவற்றையும் பார்க்கிறான். மகனைப் போகச் சொன்ன அந்த ஒரு செயலில், தகப்பன் யார் என்று ஒரு வசனமும் இல்லாமல் தெரிகிறது. திருட்டை விட அவனுக்குப் பெரிய பயம் அந்தக் கண்கள். மகன் இல்லாமல் இதே திருட்டை எடுத்திருந்தால் ஒரு ஏழை சைக்கிள் திருடினான் என்ற செய்தி மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

எழுதும்போது இதை எப்படிச் செய்வது என்பதற்கு ஒரு கற்பனைக் காட்சி. அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மகனுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் சொல்லவில்லை, தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிறான். வழக்கமான எழுத்தில் அப்பா ஒருநாள் கண்டுபிடித்து, ‘உனக்காக நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா’ என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் பேசுவார். மாற்றி எழுதுங்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பூங்கா பெஞ்சில் மகன் சட்டைப்பையில் கைவிடுகிறான், பத்து ரூபாய் நோட்டுகள் கொஞ்சம் தட்டுப்படுகின்றன. நீளவாக்கில் மடித்தவை, கண்டக்டர் விரலிடுக்கில் செருகுவது மாதிரி. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது மகன் என்ன செய்கிறான் என்பதுதான் அவன் குணம். அன்றைக்கே வீட்டில் சொல்லலாம். நோட்டைப் பிரித்து நேராக்கி, சம்பளம் என்று அம்மாவிடம் கொடுக்கலாம். மடிப்புக் கலையாமல் அப்பாவின் சட்டையிலேயே திரும்ப வைக்கலாம். மூன்றும் மூன்று வேறு ஆட்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு, பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை: விளி, அதாவது ஒருவரை அழைக்கும் சொல். நீ, நீங்க, ‘டா’, பெயர், ‘ஏங்க’, எதுவும் சொல்லாமல் இருப்பது. அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளாத வீட்டில் பேச்செல்லாம் அம்மா வழியாகப் போகும்: ‘அவன்கிட்ட சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு’, அவன் அதே அறையில்தான் இருப்பான். டயலாக் வெர்ஷனுக்கு முன்னால், யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், எந்த சீனில் அது மாறுகிறது என்று ஒரு அட்டவணை போட்டுவிடுங்கள். கணவனை எப்போதும் ‘நீங்க’ என்கிற மனைவி 48ஆம் சீனில் ஒரே ஒரு முறை ‘நீ’ என்றால் ஒரு பக்க வசனம் மிச்சம். ஆனால் 12ஆம் சீனில் சிரிப்புக்காக அவளே ஒருமுறை ‘நீ’ போட்டிருந்தால் 48 புஸ்ஸாகிவிடும். ஸ்பாட்டில் நடிகர்கள் வாய்க்கு வந்தபடி மாற்றிப் பேசுவது வழக்கம், டப்பிங்கிலும் மாறும். அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு திருத்த ஒரு உதவி இயக்குநர் பொறுப்பாக இருக்க வேண்டும்.

ஷூட்டிங்கில் இந்த உறவு சாகும் இடம் ஒன்றுதான்: கேட்பவரின் குளோசப். பேசுபவருக்கு நாலு டேக் போகும். வெளிச்சம் போகிற நேரத்தில் கேட்பவரின் ஷாட் வரும். எதிர் நடிகர் கேரவனுக்குப் போயிருப்பார், உதவி இயக்குநர் வசனத்தைப் பால் கணக்கு வாசிப்பதுபோல் வாசிப்பார், நடிகர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரலைப் பார்ப்பார். குணம் தெரிய வேண்டிய முகம் அதுதான், அதில் ஒன்றும் இருக்காது. முக்கியமான எட்டுப் பத்து சீனிலாவது வரிசையைத் திருப்புங்கள். கேட்பவரை முதலில் எடுங்கள், எதிர் நடிகரை நிற்கவைத்து எடுங்கள். வசனம் முடிந்த பிறகு குறைந்தது பத்து நொடி கட் சொல்லாமல் ஓடவிடுங்கள், எடிட்டர் நன்றி சொல்வார். எடிட்டிங்கில் வரி முடியும்வரை காத்திருக்காமல், கடைசி இரண்டு மூன்று சொல்லைக் கேட்பவர் முகத்தின் மேல் விழவிட்டுப் பாருங்கள். வயலினை அதற்கு முன்னால் தொடங்க வேண்டாம். டப்பிங்கில் அந்த முகத்தின் மூச்சு, எச்சில் விழுங்கும் ஒலி, தொண்டைச் செருமல் எல்லாம் பைலட் டிராக்கோடு (ஸ்பாட்டில் பதிவான ஒலியோடு) போய்விடும். அவற்றைத் தனி லூப்பாக (டப்பிங்கில் ஒவ்வொன்றாகப் பதிவாகும் சிறு துண்டாக) எழுதிக் கொடுத்தால்தான் நடிகர் திரும்பச் செய்வார்.