புதிய கைபேசிக்குள் ரீங்காரமிடுவது எது?

வாங்கி இரண்டே நாள் ஆன கைபேசியைத் தலையணைக்கு அருகே வைத்துப் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவில்தான் அந்த ஒலி எனக்கு முதலில் கேட்டது. தூரத்தில் பறக்கும் கொசுவின் ரீங்காரம் போல மெல்லியதுதான். ஆனால் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் பிறகு கேட்காதிருக்க முடியாத ஒலி. ஒலியளவை முற்றிலும் குறைத்தேன், ரீங்காரம் குறையவில்லை. ஸ்பீக்கர் துளைகளை விரலால் அடைத்தேன், அப்போதும் மாற்றமில்லை. திரையை மேலும் கீழும் தள்ளியபோது ரீங்காரம் கூடியது. விரலை எடுத்ததும் அடங்கியது. பின்புறத்தில், கேமராவுக்குச் சற்றுக் கீழே காதை வைத்தபோது தெளிவாகக் கேட்டது. சர்வீஸ் சென்டரில் இருந்த இளைஞர் போனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நார்மல்தான் சார், எல்லா போன்லயும் இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது பாதி சரி.

ஒலி எழுப்புவதற்கென்றே ஒரு கைபேசியில் இருப்பவை ஸ்பீக்கர்களும் அதிர்வு மோட்டாரும் மட்டுமே. மற்ற பாகங்கள் அசையாதவை என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் சர்க்யூட் போர்டின் மீது நூற்றுக்கணக்கில் பற்றவைக்கப்பட்டிருக்கும் பீங்கான் மின்தேக்கிகள் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கின்றன. இதற்கான அறிவியல் கைபேசியைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது. குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுகிறது என்பதை 1880-இல் ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அப்படியானால் மின்னழுத்தம் கொடுக்கும்போது படிகத்தின் உருவம் மாறியாக வேண்டும் என்று அடுத்த ஆண்டே இயற்பியலாளர் காப்ரியேல் லிப்மன் கணக்கின் வழியாகக் காட்ட, சகோதரர்கள் அதையும் சோதனையில் உறுதிசெய்தார்கள். இதுவே அழுத்தமின் விளைவு.

கைபேசி மின்தேக்கிகளில் பெரும்பாலானவை பேரியம் டைட்டனேட் என்னும் பீங்கானால் ஆனவை. மிகச் சிறிய இடத்தில் மிக அதிக மின்னூட்டத்தைத் தேக்கிவைக்க அதைப் போல உதவும் பொருள்கள் குறைவு. அந்தத் திறனைத் தரும் அதே படிக அமைப்புதான் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது பீங்கானை விரிந்து சுருங்கவும் வைக்கிறது. 1 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் உள்ள, கடுகைவிடச் சிறிய ஒரு துண்டுக்குள் பீங்கானும் உலோகமும் மாறி மாறி நூற்றுக்கணக்கான அடுக்குகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அத்தனை அடுக்குகளும் ஒரே நேரத்தில் அசைந்தாலும், மொத்த அசைவு பெரும்பாலும் ஒரு நானோமீட்டரைத் தாண்டுவதில்லை. இந்த அளவு அசைவு காற்றில் நேரடியாக எழுப்பும் ஒலியை எந்தக் காதாலும் கேட்க முடியாது.

கேட்கச் செய்வது போர்டு. மின்தேக்கியின் இரு முனைகளும் போர்டோடு இறுகப் பற்றவைக்கப்பட்டிருப்பதால், அது சுருங்கும்போது போர்டையும் சேர்த்து வளைக்கிறது, விரியும்போது விட்டுவிடுகிறது. வீணையின் தந்தி தனியாக எழுப்பும் ஒலி சொற்பம். குடமும் மேற்பலகையும் சேர்ந்து அதிர்வதால்தான் அது கூடத்தை நிறைக்கிறது. போர்டு இங்கே அந்தப் பலகையின் வேலையைச் செய்கிறது. அதன் இயல்பான அதிர்வெண்ணும் மின்தேக்கியின் துடிப்பும் பொருந்திவிட்டால் ஒலி பன்மடங்கு பெருகும். கேட்கும் கருவியும் சாதாரணமானதல்ல. நாம் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கு நம் செவிப்பறை அசையும் தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு.

மின்தேக்கியை ஆட்டிவைப்பது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. பேட்டரி ஏறத்தாழ 4 வோல்ட் தருகிறது. புராசசரின் மையப் பகுதிக்கோ பெரும்பாலும் 1 வோல்ட்டுக்கும் குறைவாகவே வேண்டும். இடையில் இருக்கும் மின்மாற்றுச் சுற்று ஒரு சுவிட்சை நொடிக்குப் பல லட்சம் முறை போட்டும் அணைத்தும் இந்த இறக்கத்தைச் செய்கிறது. மனிதச் செவியின் எல்லை 20 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20 அதிர்வுகள்) முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் என்பதால், அந்த வேகத்தில் நடக்கும் துடிப்பு நமக்குக் கேட்காது. ஆனால் புராசசருக்கு வேலை குறைவாக இருக்கும்போது, பேட்டரியைச் சேமிப்பதற்காக அந்தச் சுற்று சிறிது நேரம் உறங்கி, சில துடிப்புகளை அனுப்பி, மீண்டும் உறங்குகிறது. இந்த உறக்கமும் விழிப்பும் நொடிக்குச் சில ஆயிரம் முறை நிகழ்ந்தால், அது செவியின் எல்லைக்குள், அதுவும் செவி மிகக் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பகுதிக்குள்ளேயே வந்து விழுகிறது.

மின்சுற்று தவறின்றி இயங்கினாலும், அதிலிருந்து மின்னோட்டத்தை இழுக்கும் பாகங்கள் அதைச் சீராக இழுப்பதில்லை. திரை நொடிக்கு 60 அல்லது 120 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஓஎல்இடி திரைகள் பலவற்றில் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக ஒளியை நொடிக்குச் சில நூறு முறை அணைத்துப் போடுகிறார்கள். பழைய ஜிஎஸ்எம் (2ஜி) முறையில் பேசும்போது, ஒவ்வொரு 4.615 மில்லிநொடிக்கும் ஒருமுறை போன் ஒரு வலுவான அலையை அனுப்பியாக வேண்டும். நொடிக்கு 217 முறை. அழைப்பு வருவதற்குச் சற்று முன் ரேடியோவின் ஸ்பீக்கர் தடதடத்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த 217 பழைய நண்பன். இவை தாழ்ந்த அதிர்வெண்கள்தாமே என்று தோன்றலாம். ஆனால் திடீரென ஏறி திடீரென இறங்கும் துடிப்பு தன்னோடு தன் அதிர்வெண்ணின் மடங்குகளையும் ஏந்திவருகிறது. செவியை உறுத்துவது பெரும்பாலும் அந்த மடங்குகள்தாம். என் கைபேசி நான் திரையைத் தள்ளும்போது அதிகமாக முனகியதற்குக் காரணமும் இதுவே: ஒவ்வொரு புதிய சட்டகத்தையும் வரைய புராசசர் விழித்து, வரைந்து, அடங்கியது.

இத்தகைய எல்லா ஒலிகளையும் 'காயில் வைன்' (கம்பிச்சுருளின் முனகல்) என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. மின்னோட்டம் மாறும்போது காந்த விசையால் கம்பிச்சுருளும் அதன் உள்ளகமும் அதிர்வது உண்மைதான். ஆனால் கைபேசியின் சுருள்கள் காந்தப்பொடியோடு சேர்த்து இறுக வார்க்கப்பட்டவை. அங்கே முதல் சந்தேகம் மின்தேக்கியின் மீது விழுவதே நியாயம்.

ஒரே நாளில் வெளியான ஒரே மாடலில் ஒன்று முனகுவதும் மற்றொன்று அமைதியாக இருப்பதும் ஏன்? மின்தேக்கியின் பக்கவாட்டில் ஈயப்பற்று எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, போர்டைத் தாங்கும் திருகு எவ்வளவு இறுக்கம் என்பவற்றைப் பொறுத்து, போர்டுக்குக் கடத்தப்படும் அதிர்வு போனுக்குப் போன் மாறுகிறது. இரைச்சல் மிகுந்த தொழிற்சாலையில் இதைக் காதால் பிடிப்பது கடினம்; அமைதியான படுக்கையறைதான் முதல் உண்மையான சோதனைக்கூடம். 2016 செப்டம்பரில் ஐபோன் 7 வெளிவந்தபோது, புராசசருக்கு வேலை கூடினால் பின்புறத்திலிருந்து சீறல் கேட்கிறது என்று சிலர் புகார் சொன்னார்கள். எல்லாருக்கும் அது கேட்கவில்லை.

வன்பொருள் எழுப்பும் ஒலியை மென்பொருள் அப்டேட் குறைக்குமா என்று கேட்டால், சில வேளைகளில் குறைக்கும். மின்மாற்றுச் சுற்று உறங்கி விழிக்கும் தாளத்தைச் செவியின் எல்லைக்கு வெளியே தள்ளிவிடலாம், அல்லது உறங்கவே விடாமல் வைக்கலாம். இரண்டாவது வழிக்கான விலையைப் பேட்டரி கொடுக்கும். 2017-இல் ஐபோன் 8-இல் அழைப்பின்போது எழுந்த கரகரப்பை ஆப்பிள் ஐஓஎஸ் 11.0.2 அப்டேட்டில் சரிசெய்தது. அந்தக் கரகரப்பு மின்தேக்கியின் முனகல் அல்ல, ஒலிக்கான பாதையில் ஏற்பட்டது. போர்டை வடிவமைப்பவர்களிடம் இன்னும் நேர்த்தியான உத்தி ஒன்று இருக்கிறது. போர்டின் மேற்புறம் ஒரு மின்தேக்கி, அதற்கு நேர் கீழே அடிப்புறம் மற்றொன்று என்று வைத்தால், ஒன்று போர்டை மேல்நோக்கி வளைக்க முயலும் கணத்தில் மற்றது கீழ்நோக்கி வளைக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடக்கிவிடும். மிக மெல்லிய போனில் அதற்கான இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.

குலுக்கினால் கேட்கும் கடகடப்பு முற்றிலும் வேறு. கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஓஐஎஸ் கேமராவில், லென்ஸ் நுண்ணிய வில்கள் அல்லது குண்டுகளின் மீது மிதக்கிறது. கேமரா இயங்கும்போது காந்தமும் சுருளும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன, அணைந்திருக்கும்போது பிடிப்பு இல்லாததால் அது ஆடுகிறது. கேமராவைத் திறந்துவைத்துக் குலுக்கும்போது கடகடப்பு நின்றால் பழுதில்லை என்று கொள்ளலாம். அந்த அமைப்பு எத்தனை நுட்பமானது என்பதற்கு, ஆற்றல் மிகுந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு நாளடைவில் அதைப் பாதிக்கக்கூடும் என்று 2021-இல் ஆப்பிள் வெளியிட்ட எச்சரிக்கையே சான்று.

ஸ்பீக்கரின் கரகரப்பை மட்டும் நான் எளிதில் மன்னிக்க மாட்டேன். ஒரே பாடலின் ஒரே இடத்தில், குறிப்பிட்ட ஒலியளவைத் தாண்டியதும் அது எழுந்தால், சவ்வு எங்கோ உரசுகிறது அல்லது காந்தத்தில் இரும்புத்துகள் ஒட்டியிருக்கிறது என்று பொருள். மாற்றித் தரச் சொல்லி நிற்பதில் தவறில்லை.

ஒலியே எழுப்பாத குறைகள்தான் என்னை அதிகம் அஞ்சவைப்பவை. 2016-இல் தீப்பிடித்த கேலக்ஸி நோட் 7 போன்களைத் திரும்பப் பெற்ற சாம்சங், 2017 ஜனவரியில் காரணத்தை விளக்கியது: இரு வேறு நிறுவனங்கள் செய்துகொடுத்த பேட்டரிகளில் இரு வேறு பிழைகள். ஒன்றில் மின்முனையின் மூலை வளைந்திருந்தது. மற்றொன்றில் பற்றவைப்பின் பிசிறு உள்ளிருந்த காப்புப் படலத்தை ஊடுருவியிருந்தது. வெளியே எதுவும் கேட்டிருக்காது. பேட்டரி உப்பத் தொடங்கினால் திரையின் ஓரம் மெல்ல மேலெழும், அழுத்தும்போது நெறுநெறுக்கும். அந்த நிலையில் சார்ஜரைக் கழற்றிவிட்டு, போனை அணைத்து சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்வதே சரி.

என் கைபேசியின் ரீங்காரத்தைப் பிறகு மற்றொரு போனில், ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஒலிநிறமாலைச் செயலியில் பதிந்து பார்த்தேன். 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒற்றைக் கோடு நின்றது. வெளிச்சத்தைக் குறைத்தபோது நகர்ந்தது, திரையை அணைத்ததும் மறைந்தது. அதே பதிவில் 14,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மற்றொரு கோடும் இருந்தது. போனைக் காதோடு அழுத்தி வைத்தும் என்னால் அதைக் கேட்க முடியவில்லை. வயது ஏற ஏற செவி முதலில் இழப்பது அந்தப் பகுதியைத்தான். அறைக்குள் வந்த என் மகள், வாசலிலேயே நின்று, "அப்பா, அது என்ன சத்தம்?" என்றாள்.