உப்பை வெளியே இழுக்கும் தொட்டி

மூழ்கிய கப்பலிலிருந்து மீட்ட இரும்புப் பீரங்கியை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிட்டால், சில மாதங்களிலேயே அது வெடித்து உதிரத் தொடங்கிவிடும். வார்ப்பிரும்பு நூற்றாண்டுக் கணக்கில் உப்புநீரில் கிடக்கும்போது மேலடுக்கிலுள்ள இரும்பு சிறிது சிறிதாக அரித்துப் போக, எஞ்சிய கிராஃபைட் பின்னல் மட்டுமே பழைய வடிவத்தைத் தாங்கி நிற்கிறது. கத்தியால் சீவிவிடக்கூடிய அந்த மென்மையான அடுக்கில்தான் வார்ப்பாலையின் முத்திரையும் எழுத்துகளும் இருக்கும். அதன் நுண்துளைகளில் கடல் உப்பிலிருந்து வந்த குளோரைடு அயனிகள் நிறைந்திருக்கும். காற்றுப் பட்டதும் இரும்பு மீண்டும் துருப்பிடிக்க, புதிய துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மேற்பரப்பு செதில் செதிலாகப் பிளக்கிறது.

ஆகவே பொருள் கரையேறும் முன்பே தயாராக இருக்க வேண்டியது ஒரு தொட்டி. 1862 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் கேப் ஹாட்டரஸ் முனைக்கு அப்பால் மூழ்கிய மானிட்டர் என்ற போர்க்கப்பலின் சுழலும் பீரங்கிக் கோபுரம் 2002இல் மீட்கப்பட்டது. வர்ஜீனியாவின் மரினர்ஸ் அருங்காட்சியகத்தில் அதற்கென அமைத்த தொட்டி மூன்று லட்சம் லிட்டருக்கும் மேல் கொள்ளும். கோபுரத்தின் சுவரோ ஒரு அங்குல இரும்புத் தகடுகளை எட்டு அடுக்காகச் சேர்த்துக் கட்டியது. அடுக்குகளுக்கு இடையே புகுந்த உப்பை வெளியேற்றும் வேலை இருபது ஆண்டுகளைக் கடந்தும் நீண்டது.

தொட்டியில் நிரப்புவது பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல். கடும் காரத்தில் இரும்பு மேற்கொண்டு அரிக்காது. பொருளைச் சுற்றி, அதைத் தொடாமல், எஃகு வலை ஒன்றை வளைத்து நேர்மின்வாயாக்கி, பொருளை எதிர்மின்வாயாக இணைக்கிறார்கள். மின்னோட்டம் பாய்ந்ததும் எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனிகள் இரும்பை விட்டு வலையை நோக்கி நகர்கின்றன. மின்கம்பியை இணைக்கும் கவ்வி துருவின் மேல் அல்லாமல் உலோகத்தையே பற்றியிருக்க வேண்டும்; அதற்காக, பொருளின் மேல் இறுகிப் படிந்திருக்கும் கடற்படிவ மேலோட்டைச் சிறிதளவு குடைந்து இடம் உண்டாக்குவார்கள். இரும்பின் மேல் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் அந்த மேலோட்டைத் தளர்த்த உதவுகின்றன, எஞ்சியதை அழுத்தக் காற்றில் இயங்கும் ஊசிமுனை உளி பெயர்க்கிறது. ஆனால் மின்னோட்டத்தைக் கூட்டினால் அதே குமிழிகள் கிராஃபைட் அடுக்கையும் கிளப்பிவிடும் என்பதால், இங்கே அவசரக்காரர்களுக்கு வேலையில்லை. ஹைட்ரஜன் தீப்பற்றக் கூடியது. எனவே கூடத்தில் நல்ல காற்றோட்டமும் அவசியம். துருப்பிடிக்காத எஃகு வலை நீடித்து உழைக்கும் என்றாலும், குளோரைடு மிகுந்த கரைசலில் அது நச்சான குரோமியச் சேர்மங்களைக் கசியவிடக்கூடும். அதனால் தொடக்கத்தில் சாதாரண மென் எஃகே பாதுகாப்பானது.

உப்பு இன்னும் வருகிறதா என்பதை அறிய ஒரு சோதனைக்குழாய் போதும். கரைசலில் சிறிது எடுத்து, நைட்ரிக் அமிலத்தால் காரத்தை முறித்து, ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டால், குளோரைடு இருக்கும்வரை வெண்மையாகக் கலங்கும். துல்லியமான அளவு வேண்டுமென்றால் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) முறை இருக்கிறது. அளவு உயராமல் நின்றதும் கரைசலை மாற்றி, புதிய கரைசலிலும் உப்பு ஏறாத நிலை வரும்வரை தொடர்கிறார்கள்.

பிறகு அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசல், உலர்த்தல், இரும்போடு வினைபுரிந்து நீலக்கறுப்புப் படலம் தரும் டானிக் அமிலப் பூச்சு, இறுதியில் நுண்படிக மெழுகு. மெழுகுக்குப் பதில் நிரந்தரப் பூச்சு எதையும் நாடாததற்குக் காரணம் உண்டு: ஈரப்பதம் குறைந்த காட்சிப் பெட்டிக்குள்ளும் சில பொருள்களில் துருத்துளிகள் மறுபடி அரும்பும், அப்போது மெழுகை உருக்கி நீக்கிவிட்டு, பொருளைத் திரும்பவும் தொட்டிக்குள் இறக்க முடிய வேண்டும்.